ஊதும் டெஸ்ட் நார்மல் என்றால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 52 வயது. ஆத்தங்குடிப் பக்கம் டைல் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறார். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. ‘ஊதுற டெஸ்ட்’ எடுத்ததில் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா வீட்டிலேயே விறகடுப்பில் முறுக்கு, தேன்குழல், சீடை சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவருக்கு விடாத இருமல். “இத்தனை வருடம் சுவாசித்த தூசியும் புகையும் இவர்கள் நுரையீரலைக் கெடுத்திருக்கிறதா என்று லேபில் கண்டுபிடிக்க முடியாதா? ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?” என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நுரையீரல் இப்போது எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று. உள்ளே போனது என்ன, எவ்வளவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கருவிகள் வேறு, ஆய்வகங்கள்கூட வேறு. ஊதும் டெஸ்ட் முதல் கேள்விக்கு மட்டும், அதிலும் ஒரு பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறது. அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு ‘தூசியால் ஒன்றும் ஆகவில்லை’ என்று முடிவுகட்டுவதுதான் தவறு. ரத்தத்தைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நுரையீரலில் படிந்த மணல் தூசியையோ சிமெண்ட் தூசியையோ காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை நடைமுறையில் கிடையாது. அப்படி ஒன்று இருக்கிறது என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. நுரையீரல் செயல்திறன் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகத் தொடங்கி, பிறகு வேலையிடங்களில் தூசி அளக்கும் பணிக்கு மாறிப் பல வருடம் இருந்தவன். சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம் என்பதால் நீங்கள் சொல்லும் பட்டறையும் அடுப்படியும் எனக்குப் பழக்கமானவை. ஆளைப் பார்க்காமல் அவருக்கு இன்னது என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் 52 வயதில் மாடி ஏறினால் இளைப்பு என்கிறபோது நுரையீரலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் நிச்சயம். இதயம், ரத்தசோகை, தைராய்டு, உடல் எடை எல்லாமே இதே இளைப்பைத் தரும். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். நெஞ்சுவலி, கால் வீக்கம், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஏதாவது இருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இனி ஊதும் டெஸ்ட். ஸ்பைரோமெட்ரி என்பது இதன் பெயர். 1846இல் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், தண்ணீரில் கவிழ்த்த மணி வடிவக் கலம் ஒன்றுக்குள் ஆட்களை ஊதச் சொல்லி, 2,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து இதைத் தொடங்கிவைத்தார். இன்று கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது என்றாலும் அடிப்படை மாறவில்லை. முழுசாக மூச்சை இழுத்து, முழு பலத்தோடு, கடைசிவரை வெளியே ஊத வேண்டும். மொத்தம் வெளியே வந்த காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு வினாடியில் வந்தது எஃப்.இ.வி.1. ஒரு குடம் எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு விஷயம், கவிழ்த்தால் அதன் கழுத்து வழியாக எவ்வளவு வேகத்தில் தண்ணீர் வெளியேறும் என்பது இன்னொரு விஷயம். முதல் வினாடியின் பங்கு குறைந்தால் மூச்சுக்குழாய் குறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பங்கு சரியாக இருந்து மொத்தமே குறைந்தால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம், அல்லது ஆள் சரியாக ஊதாமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கடைசி வார்த்தையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவச் சோதனைகளில் நோயாளியின் ஒத்துழைப்பை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் சோதனைகள் குறைவு. 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட விதிகளின்படி, பெரியவர்களுக்குக் குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். அவற்றில் பெரிய இரண்டுக்கும் இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. முதல் வினாடிக்குள் இருமினால் அந்த ஊதல் கணக்கில் சேராது. ஊதல் முடியும்போது வரைகோடு தட்டையாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் 15 வினாடி தொடர்ந்திருக்க வேண்டும். கருவியை 3 லிட்டர் ஊசிக்குழாய் கொண்டு அன்றன்று சரிபார்க்க வேண்டும். ஊரில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் நடத்தும் முகாம்களில் ஒரே ஒரு தடவை ஊதச் சொல்லி ஒரு சீட்டைக் கையில் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை நான் சோதனை என்றே எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அப்பாவின் அறிக்கையில் வரைபடம் இருக்கிறதா, எத்தனை ஊதல்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். எண்கள் மட்டும் இருந்து வரைபடம் இல்லையென்றால் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுபவமுள்ளவர் வரைகோட்டைப் பார்த்தாலே சோதனை தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது ‘நார்மல்’ என்பதே எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதைக் கொடுத்தால் கருவி ஒரு எதிர்பார்ப்பு அளவைச் சொல்லும். அதோடு ஒப்பிட்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நார்மல் என்று பல இடங்களில் இன்றும் எழுதுகிறார்கள். இப்போது ஏற்கப்பட்ட முறை அது கிடையாது. ஆரோக்கியமான 100 பேரில் கடைசி 5 பேர் நிற்கும் இடத்தைக் கீழ்வரம்பாக வைத்துப் பார்க்க வேண்டும். எந்த மக்களை அளந்து உருவாக்கிய சூத்திரம் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். ஐரோப்பியர் சூத்திரத்தில் குறைபாடாகத் தெரிபவர் இந்தியர் சூத்திரத்தில் நார்மலாகிவிடலாம். இனம் பார்த்துக் கழிக்கும் பழக்கமே வேண்டாம் என்று 2022இல் ஒரு பொதுச் சூத்திரம் வந்திருக்கிறது, அதைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஆகவே வரம்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு முடிவை நார்மல் என்றோ கெட்டது என்றோ அடித்துச் சொல்ல முடியாது. உயரத்தைக் கேட்டு எழுதினார்களா, அளந்து எழுதினார்களா என்பதும் முக்கியம்.

உங்கள் அப்பா போன்றவர்கள் விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கல், மண், சிமெண்ட் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வாலிபத்தில் நல்ல பலமுள்ளவர்கள். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம், 30 வயதில் ஒருவருக்கு முதல் வினாடி அளவு 3.6 லிட்டர் இருந்தது. புகைபிடிக்காத ஆளுக்கு வயது காரணமாக வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி இயல்பாகவே குறையும். 52 வயதில் அவருக்கு 3 லிட்டர் இருக்க வேண்டும். சோதனையில் 2.7 வருகிறது. சூத்திரம் அந்த உயரத்துக்கு எதிர்பார்ப்பது 2.9 என்றால் 93 சதவீதம், நார்மல் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அவர் தன் கணக்கில் 300 மில்லியைக் கூடுதலாக இழந்திருக்கிறார். ஊரார் சராசரியோடு ஒப்பிடும்போது அந்த இழப்பு மறைந்துபோகிறது. வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு சோதனை எடுத்துவைத்திருந்தால் மட்டுமே அது தெரிந்திருக்கும். நம் பட்டறைகளில் யாரும் எடுப்பதில்லை. தாங்க முடியாதவர்கள் முன்பே வேலையை விட்டுப் போய்விடுவதால், இன்று பட்டறையில் இருப்பவர்களை மட்டும் அளந்து ‘எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள்’ என்று சொல்லும் ஆய்வுகளையும் இதே காரணத்தால் கவனமாகப் படிக்க வேண்டும்.

சரி, ஊதும் டெஸ்டால் பார்க்கவே முடியாதவை எவை? முழுக்க ஊதி முடித்த பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கியிருக்கும். அதை ஊதி வெளியேற்ற முடியாது என்பதால் ஸ்பைரோமீட்டருக்கு அது தெரியாது. அதை அளக்க ஆளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, அழுத்த மாற்றத்தைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பாடி பிளெத்திஸ்மோகிராஃபி என்பார்கள். ஹீலியம் வாயுவைக் கலந்து சுவாசிக்கவைத்தும் கண்டுபிடிக்கலாம். நுரையீரல் உண்மையிலேயே சுருங்கியிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய இந்த அளவு வேண்டும்.

இரண்டாவது, காற்றிலிருந்து ரத்தத்துக்கு ஆக்சிஜன் போகும் பாதை எப்படி இருக்கிறது என்பது. டி.எல்.சி.ஓ. என்ற சோதனை அதைப் பார்க்கிறது. மிகச் சிறிய அளவு, அதாவது 0.3 சதவீதம், கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, 10 வினாடி அடக்கி, வெளியே விட வேண்டும். எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்பதிலிருந்து ரத்தத்துக்குள் போனதைக் கணக்கிடுவார்கள். இந்த யோசனை 1915இல் டென்மார்க்கின் மரி குரோக் செய்த வேலையிலிருந்து வந்தது. தூசியால் நுரையீரல் திசு தடித்துப்போகும் நோய்களில் ஊதும் டெஸ்ட் நார்மலாக இருக்கும்போதே இது குறைந்திருப்பதுண்டு. அதனால் உங்கள் அப்பாவுக்கு அடுத்த சோதனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு இதை எடுப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். ரத்தசோகை இருந்தால் நுரையீரல் நன்றாக இருந்தாலும் அளவு குறைந்துதான் வரும். நம் பக்கத்துப் பெண்களில் ரத்தசோகை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் அன்றைய ஹீமோகுளோபின் அளவைக் கொடுத்துத் திருத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், சோதனை நாள் காலையில் அவர் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. விறகுப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஏற்கெனவே ரத்தத்தில் ஏறியிருந்தால் சோதனை வாயு உள்ளே போவது குறையும். அது பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். இதைப் பல ஆய்வகங்களில் கேட்பதே இல்லை. சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்பார்கள், விறகடுப்பில் சமைத்துவிட்டு வந்தீர்களா என்று கேட்க மாட்டார்கள்.

வேறு சில சோதனைகளையும் மருத்துவர் சொல்லக்கூடும். ஆசிலோமெட்ரி என்பதில் பலமாக ஊத வேண்டியதில்லை, சாதாரணமாக மூச்சு விட்டால் போதும், ஒலி அலைகளை அனுப்பித் தடையை அளப்பார்கள். வயதானவர்களுக்கு வசதியானது, ஆனால் எது நார்மல் என்பதில் இன்னும் முழுத் தெளிவு வரவில்லை. மூச்சில் வரும் நைட்ரிக் ஆக்சைடை அளப்பது ஆஸ்துமா வகை அழற்சியைக் காட்டும். பெரியவர்களுக்கு 50 பி.பி.பி.க்கு (நூறு கோடியில் 50 பங்குக்கு) மேல் இருந்தால் அந்தச் சந்தேகம் பலப்படும், 25க்குக் கீழே என்றால் குறையும். தூசி, புகைச் சேதத்துக்கு அது நேரடி அளவுகோல் கிடையாது. ஆறு நிமிடம் நடக்கவைத்து, விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்ப்பது மலிவானது. உட்கார்ந்திருக்கும்போது தெரியாத குறை நடக்கும்போது வெளியே வரும்.

எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். மணல் தூசியால் வரும் சிலிகோசிஸில், ஊதும் டெஸ்ட் இன்னும் நார்மலாக இருக்கும்போதே படத்தில் சிறு புள்ளி நிழல்கள் தெரியலாம். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் இன்னும் நுணுக்கமாகக் காட்டும். அந்த நிழல்களைக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கிறது, சிலிகோசிஸ் உள்ளவருக்கு உண்மையிலேயே காசநோய் சேர்ந்து வருவதும் நடக்கிறது, ஏனென்றால் மணலில் இருக்கும் சிலிகா என்ற தாது அந்த நோய்க்கு இடம் கொடுக்கிறது. அதனால் படத்தைப் பார்க்கும் மருத்துவரிடம் அப்பாவின் வேலையை வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘கூலி வேலை’ என்று சொன்னால் போதாது. மணல் சலிக்கிறாரா, சிமெண்ட் மூட்டை பிரிக்கிறாரா, டைல் அறுக்கிறாரா, எத்தனை வருடம் என்று சொல்லுங்கள். அம்மாவின் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் புகைதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்யாமல் சளிப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

இனி இரண்டாவது கேள்வி, உள்ளே போனது என்ன, எவ்வளவு. இதை உடம்பில் தேடுவதைவிடக் காற்றில் அளப்பதுதான் நம்பகமானது. மூக்குக்கு அருகே, சட்டைக் காலரில், ஒரு சிறிய வடிகட்டியை மாட்டுவோம். இடுப்பில் பேட்டரி பம்ப். வடிகட்டிக்கு முன்னால் சைக்ளோன் என்ற சிறு கூம்பு இருக்கும். காற்று அதற்குள் சுழலும்போது பெரிய துகள்கள் கீழே விழுந்துவிடும், சுமார் 4 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்களே வடிகட்டிக்குப் போகும். நுரையீரலின் அடி ஆழம்வரை போகக்கூடியவை அவைதான். கண்ணுக்குத் தெரியும் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். ஆபத்தானது வெயில் கீற்றில்கூடச் சரியாகத் தெரியாதது.

ஒரு முழு வேலைநாள் மாட்டியிருந்த வடிகட்டியை ஆய்வகத்தில், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறையில், முன்பும் பின்பும் எடை போடுவார்கள். பிறகு அந்தத் தூசியில் குவார்ட்ஸ், அதாவது படிக வடிவச் சிலிகா, எவ்வளவு என்று எக்ஸ்ரே சிதறல் முறையிலோ அகச்சிவப்பு முறையிலோ பார்ப்பார்கள். அமெரிக்காவில் சட்டப்படியான உச்சவரம்பு, 8 மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் சிலிகா. பம்ப் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் இழுத்தால் 8 மணி நேரத்தில் ஒரு கனமீட்டர்கூட நிறையாது, சுமார் 0.8தான். வரம்பு அளவில் தூசி இருந்தால் வடிகட்டியில் சேருவது ஏறக்குறைய 40 மைக்ரோகிராம், கிராமில் பத்து லட்சத்தில் 40 பங்கு. வடிகட்டியைக் கையால் தொட்டாலே கணக்கு கெட்டுவிடும். மொபைலில் ஆப் போட்டோ, சுவரில் ஒரு கருவி மாட்டியோ இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான். இந்தியாவில் தொழிற்சாலைச் சட்ட விதி வேறு மாதிரி. 10ஐ, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் எவ்வளவு மில்லிகிராம் நுண்தூசி வரை அனுமதி என்பது வரும். குவார்ட்ஸ் கூடக்கூட அனுமதி சுருங்கும். அகமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இப்படிப்பட்ட அளவீடுகளைச் செய்கிறது.

ஆத்தங்குடி டைல் வேலையை இந்தக் கண்ணோடு பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது ஈர வேலை, அதில் தூசி இல்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவும்போது கிளம்பும். மணல் சலிக்கும்போது கிளம்பும். சிமெண்ட் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது, காலிச் சாக்கை உதறும்போது, சாயங்காலம் விளக்குமாற்றால் பட்டறையைக் கூட்டும்போது கிளம்பும். பிறகு டைல் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது, மறுபடியும் ஈரம். கண்ணாடியே வழவழப்பைக் கொடுத்துவிடுவதால் மெஷின் வைத்துத் தேய்க்கும் வேலை இல்லை, இது ஒரு பெரிய நல்ல விஷயம். சிமெண்டில் படிக சிலிகா மிகக் குறைவு. அது காரத்தன்மை உள்ளது, மூக்கையும் மூச்சுக்குழாயையும் எரிச்சல்படுத்தும், தோலை அரிக்கும். மணலில் குவார்ட்ஸ் நிறைய, ஆனால் முழு மணல் பெரிய துகள், நுரையீரலுக்குள் போகாது, அதிலுள்ள நுண்பொடிதான் போகும். ஆகவே பட்டறையில் டைல் வார்ப்பவருக்கு சிலிகோசிஸ் வரும் வாய்ப்பு கல் குவாரி ஆளைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கணிப்புதான். அந்தப் பட்டறையில் அளந்து பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்வது நியாயமாகாது.

எனக்கு அதைவிடப் பயம் டைல் பதிக்கும் வீட்டில் கிரைண்டர் பிளேடால் உலர்ந்தபடி அறுக்கும் ஆளைப் பற்றித்தான். அங்கே மணல் துகளே உடைந்து நுண்பொடியாகிறது. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் பரப்பு, நாள்பட்ட குவார்ட்ஸைவிட உயிரணுக்களை அதிகம் தாக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டால் தூசி வெகுவாகக் குறையும். உங்கள் அப்பா பட்டறையோடு சரியா, அல்லது வீடுகளுக்குப் போய்ப் பதிக்கவும் அறுக்கவும் செய்தாரா என்று கேளுங்கள். என் பார்வையில் இந்த ஒரு பதில் பல சோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

அம்மாவின் அடுப்புக்கு வருவோம். விறகுப் புகையின் நுண்துகள்கள், பி.எம். 2.5 என்று சொல்வது, சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டுவது சாதாரணம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 24 மணி நேர அளவு 15, இந்தியாவின் வெளிக்காற்று வரம்பு 60. பழைய செட்டிநாட்டு வீடுகளில் இரண்டாங்கட்டைத் தாண்டி, திறந்த முற்றத்தை ஒட்டிய அடுப்படியில் கோட்டை அடுப்பு எரிந்தாலும் புகை மேலே போக வழி இருந்தது. அதே சீமைக்கருவேல விறகு, அதே எண்ணெய்ச் சட்டி, ஒற்றை ஜன்னல் வாடகை வீட்டில் எரிந்தால் சுவாசிப்பது பல மடங்காகும். எண்ணெயைக் காயவைத்துப் பொரிக்கும்போது வரும் ஆவியும் இதில் சேரும். விறகுப் புகை, அதிக சூட்டில் பொரிக்கும் ஆவி இரண்டையுமே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ வகையில் வைத்திருக்கிறது. இணையத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் காற்றுத் தரக் கருவியை அடுப்படியில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் எண்ணை நம்ப வேண்டாம். அவை ஒளிச் சிதறலை வைத்துக் கணக்கிடுகின்றன, ஈரமும் எண்ணெய் ஆவியும் அவற்றை ஏமாற்றிவிடும். ஜன்னலைத் திறந்தால் இறங்குகிறதா, அடுப்பை முற்றத்துக்கு மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும்.

சுவாசிப்பதையும் விளைவையும் தனித்தனியாக அளக்க வேண்டியதன் அவசியத்துக்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் விறகடுப்புப் புகையை அளப்பதில் நீண்ட காலமாக வேலை செய்பவர்கள். இந்தியா, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் வட்டாரங்களில் நடந்தது. விறகடுப்பில் சமைத்த கர்ப்பிணிகளில் ஒரு பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. ஆனால் 2022இல் வெளியான முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. இதனால் புகை கெடுதல் இல்லை என்று ஆகிவிடாது. பல வருடம் சுவாசித்த பெண்களுக்குப் புகைபிடிக்காமலே நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு வருவது வேறு ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் சுவாசிப்பது குறைந்தால் எந்த விளைவு, எப்போது, எவ்வளவு மாறும் என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது, அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அது காட்டியது.

ஆய்வுக்கூடங்களில் இன்னொரு வழியும் உண்டு. தன்னார்வலர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, அளந்த அளவு டீசல் புகையையோ விறகுப் புகையையோ சில மணி நேரம் சுவாசிக்கவைத்துப் பார்ப்பார்கள். ஊதும் டெஸ்டில் பெரிய மாற்றம் தெரியாமலே அழற்சியின் அடையாளங்கள் சில ஆய்வுகளில் உயர்ந்திருக்கின்றன, சிலவற்றில் உயரவில்லை. மனித மூச்சுக்குழாய் உயிரணுக்களை ஒரு மெல்லிய சவ்வின்மேல் வளர்த்து, கீழ்ப்பக்கம் ஊட்டமும் மேல்பக்கம் காற்றும் படும்படி வைத்து, அதன்மேல் தூசியைத் தூவிப் பார்ப்பதும் நடக்கிறது. எலிகளுக்குச் செய்வதும் உண்டு, ஆனால் எலியின் நுரையீரல் தூசிச் சுமைக்கு மனிதனைப் போலவே நடந்துகொள்வதில்லை. ஒரு பொருள் எப்படிக் கெடுக்கிறது என்று இவை சொல்லும். உங்கள் அப்பாவை எது கெடுத்தது என்று சொல்லாது.

ஒரு வகை நோயில் மட்டும் வேலைக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை வீட்டிலிருந்தே கிட்டத்தட்ட நிரூபிக்கலாம், அது வேலையால் வரும் ஆஸ்துமா. சில நூறு ரூபாய்க்குப் பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு குழாய் கிடைக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதிக் குறித்துக்கொண்டே வர வேண்டும், நான்கு வாரம், அதற்குள் வேலைநாளும் விடுமுறையும் இருக்க வேண்டும். பொங்கலை ஒட்டிப் பட்டறை மூடும் நாட்கள் இதற்கு நல்ல வாய்ப்பு. விடுமுறையில் எண்கள் ஏறி, வேலைக்குப் போனதும் இறங்கினால் அந்தக் குறிப்பேடு எந்த மருத்துவருக்கும் பெரிய சாட்சி. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்காகப் பழைய தேக்குச் சாமான்களை இழைத்துத் தேய்க்கும் ஆட்களுக்கு இருமலும் நெஞ்சிறுக்கமும் இருந்தால், அவர்களுக்கும் நான் இதையே சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. இருவருக்கும் வரைபடத்தோடு ஊதும் டெஸ்ட், மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும். அப்பாவுக்கு எக்ஸ்ரேயும் டி.எல்.சி.ஓ.வும். கடைசிச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் போன்ற இடங்களில் பெரிய மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பில் வைத்து, வருடம் ஒரு தடவை, முடிந்தால் அதே ஆய்வகத்தில், அதே பருவத்தில் மறுபடி எடுங்கள். ஒரே வருடத்தில் முதல் வினாடி அளவு 15 சதவீதத்துக்குக் குறைவாக மாறினால் அது கருவியின் ஆட்டமாகவும் இருக்கலாம், அதனால் இரண்டு தாள்களை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். மூன்று, நான்கு வருடக் கோடு ஒரே பக்கம் சாய்ந்தால் அது பேசும். சிலிகோசிஸ் என்று முடிவானால், அது மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய். எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிவாரணம் கேட்க அது வேண்டும்.

முடிவு வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பட்டறையில் மணலை லேசாக நனைத்துச் சலிக்கலாம். கூட்டும் முன் தண்ணீர் தெளிக்கலாம். காலிச் சாக்கை உதறாமல் மடித்து வைக்கலாம். முகத்தில் துண்டு கட்டுவதால் நுண்தூசி நிற்காது, என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் நிற்கும், தாடி இருந்தால் ஒட்டாது. அம்மாவின் அடுப்பை முற்றத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், வியாபாரம் தாங்கினால் கேஸுக்குப் போங்கள். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்த உதவுங்கள், மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அறிக்கையைப் படிக்கும் விதமே அதனால் மாறும்.